நேரம் தவறாத பிள்ளை

(முன்னாள் மாணவர் சங்க மீள்சந்திப்பு விழாவில், கணிதத்துறை 2003–2006 அணியைச் சேர்ந்த தோழி ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை கூடியவரையில் அப்படியே தரப்படுகிறது. – மலர்க் குழு)



செயலாளர் அண்ணன் போன மாசம் போனிலே கூப்பிட்டு, "குழந்தை வளர்ப்புன்னு ஒரு தலைப்பு இருக்கு, நீ பேசணும் மக்ளே"ன்னு சொன்னாங்க. நான் சொன்னேன்: "அண்ணா, பொதுவா குழந்தை வளர்க்கிறதைப் பற்றி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒரே ஒரு பிள்ளையை வளர்க்கத் தெரியும். அவனைப் பற்றிப் பேசட்டுமா?" அண்ணன் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "தாராளமாப் பேசு"ன்னு சொல்லிட்டாங்க. அதனாலேதான் இங்கே நிக்கிறேன்.

என் மகனுக்கு இப்போ 8 வயசு. அவனுக்கு ஆட்டிசம் இருக்கு. நெய்யூரிலே, திங்கள்சந்தைக்கு நடந்து போற தூரத்திலே எங்க வீடு. காலையிலே 5.50-க்கு எழும்புவான். எழும்பின உடனே முன்வாசல் லைட்டை அவன்தான் போடணும். வேற யாராவது போட்டிருந்தா, அணைச்சிட்டு மறுபடியும் போடுவான். பல் தேய்ச்சு முடிஞ்சதும் நீல டம்ளரிலே பால். 7.15-க்கு மூணு தோசை. சட்னி தனிக் கிண்ணத்திலே இருக்கணும். தோசையிலே ஒரு பொட்டு பட்டாலும் அந்தத் தட்டு முழுக்க அவனுக்கு ஆகாது. வாசலிலே கிடக்கிற செருப்பெல்லாம் ஜோடி ஜோடியா, நுனி ரோட்டைப் பார்த்து இருக்கும். நான் வீட்டிலே கணக்கு டியூசன் எடுக்கிறேன். வர்ற பிள்ளைகள் 14 பேர், 14 ஜோடியும் அப்படியே நிக்கும். ஒரு பொண்ணு சொல்லுது, "டீச்சர், உங்க வீட்டுல மட்டுந்தான் எனக்குச் செருப்பு மாறிப் போகாது."

சிரிக்கிறீங்க. சிரிக்கலாம், நாங்களும் சிரிப்போம். ஆனா இந்த வரிசையிலே ஒண்ணு தவறினா என்ன ஆகும்னு சொல்றேன். 2023-லே அரசு பஸ்களைப் புதுப்பிச்சு மஞ்சள் வர்ணம் அடிச்சு விட ஆரம்பிச்சாங்க, ஞாபகம் இருக்கா? ஒருநாள் காலையிலே நாங்க வழக்கமா ஏறுற பஸ் மஞ்சள் நிறத்திலே வந்து நின்னுது. உங்களுக்கும் எனக்கும் அது பெயிண்ட். அவனுக்கு அவனுடைய பஸ் காணாமப் போச்சு. காதைப் பொத்திக்கிட்டு தரையிலே விழுந்தவன் 40 நிமிஷம் எழும்பலே. சுற்றிலும் ஆள் கூடியாச்சு. ஒரு பெரியவர், நல்ல மனசோடதான், "நாலு அடி குடுத்தா எல்லாம் சரியாகும் மக்ளே"ன்னாங்க.

அந்த இடத்திலே ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். கடையிலே மிட்டாய் கேட்டு அழுற பிள்ளை அம்மா பார்க்கிறாளான்னு ஒரக்கண்ணாலே பார்க்கும். மிட்டாய் கிடைச்சா அழுகை நிக்கும். அது அடம். எங்க பிள்ளைக்கு வர்றது அடம் இல்லை. யார் பார்க்கிறாங்கன்னு அவனுக்குத் தெரியாது, அவனுக்கு வேணுங்கிறதைக் குடுத்தாலும் நிக்காது. கொதிக்கிற பானை மூடியைத் தள்ளிக்கிட்டுப் பொங்குற மாதிரி. அப்போ செய்ய வேண்டியது கூட்டத்தைக் கலைச்சு, சத்தத்தைக் குறைச்சு, பக்கத்திலே சும்மா இருக்கிறதுதான். புத்திமதி சொல்றதுக்கு அது நேரம் இல்லை.

இந்த வரிசைப் பிடிவாதத்தை உலகத்திலே ஒருத்தர் கவனிச்சு எழுதி வச்சது 1943-லே. அமெரிக்காவிலே பால்டிமோர் நகரத்திலே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலே லியோ கானர்னு ஒரு குழந்தை மனநல மருத்துவர். எட்டு ஆண், மூணு பெண், மொத்தம் 11 பிள்ளைகளைப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். எல்லாம் இருந்தது இருந்தபடியே இருக்கணுங்கிற தவிப்பை இந்த நிலையின் முக்கியமான அடையாளங்களிலே ஒண்ணா அவர் குறிச்சார். அந்தப் பிள்ளைகள் 'நான்'னு சொல்ல வேண்டிய இடத்திலே 'நீ'ன்னு சொல்றதையும் கவனிச்சிருந்தார். அதைப் படிச்சப்போ எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. என் மகன் பால் கேட்கிறது எப்படித் தெரியுமா? "மக்களுக்குப் பால் வேணுமா?" நான் அவன்கிட்ட கேட்கிற கேள்வியையே அவன் பதிலா வச்சிருக்கான். வெளியே போகணும்னா "பயணிகளின் கனிவான கவனத்திற்கு"ம்பான், இரணியல் ஸ்டேஷன் அறிவிப்புக் குரலிலேயே. மைக்கின் கரகரப்புகூட இருக்கும்.

நம்ம அரசுப் படிவங்களிலே இதுக்கு 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்'னு ஒரு பெயர் போட்டிருக்காங்க. எனக்கு அந்தப் பெயர் பிடிக்கலே. என் மகனுக்குப் புற உலகச் சிந்தனை அளவுக்கு மீறி இருக்கு. எதிர்வீட்டுக் கொடியிலே நேற்று ஏழு துணி கிடந்தது, இன்றைக்கு ஆறுதான்னு அவனுக்குத் தெரியும். உங்களிலே யாருக்குத் தெரியும்?

ஏன் இந்தப் பிள்ளைகளுக்கு ஒழுங்கு இவ்வளவு முக்கியம்? அறிவியலிலே முடிவான ஒரே பதில் கிடையாது. எனக்கு மனசிலே பிடிச்ச விளக்கம் ஒண்ணு இருக்கு. டெல்லியிலே பிறந்து அமெரிக்காவிலே எம்.ஐ.டி.-யிலே பேராசிரியரா இருக்கிற பவன் சின்ஹாவும் அவரோட குழுவும் 2014-லே வெளியிட்டது. நம்ம மூளை ஒவ்வொரு நிமிஷமும், அடுத்து என்ன வரப்போகுதுன்னு கணிச்சுக்கிட்டே இருக்கு. மின்விசிறிச் சத்தம் தொடர்ந்து வரும்னு கணிக்கிறதாலேதான் நமக்கு அது காதிலேயே விழறதில்லை. இந்தக் கணிப்பு சரியா நடக்காத பிள்ளைக்கு ஒவ்வொரு சத்தமும் திடீர்னு வர்ற சத்தம், ஒவ்வொரு தொடுகையும் திடீர்னு விழற கை. அப்படி ஒரு உலகத்திலே, "7.15-க்கு மூணு தோசை"ங்கிறது பிடிச்சு நிக்கிறதுக்கு ஒரு கைப்பிடி. இது ஒரு கருதுகோள்தான், முழுசா நிரூபிச்ச உண்மைன்னு நான் சொல்ல வரலே. ஆனா இதைப் படிச்ச பிறகு அந்த நீல டம்ளரைக் கழுவி வைக்கிறதிலே எனக்கு ஒரு மரியாதை வந்திருக்கு.

எங்களுக்கு முதல்லே சந்தேகம் தட்டினது 2020-லே, அவனுக்கு மூணு வயசு நடக்கும்போது. கூப்பிட்டாத் திரும்ப மாட்டான். கொல்லாங்கொட்டைகளை திண்ணையிலே ஒரே நேர்கோட்டிலே அடுக்குவான், ஒண்ணைத் தள்ளி வச்சாக் கதறுவான். கொரோனா காலம். "யாரையும் பார்க்காம வளருது, அதான்"னாங்க. "போனைக் குடுத்திருப்பே"ன்னாங்க. "தகப்பன் கூட இல்லாத குறை"ன்னாங்க. என் வீட்டுக்காரர் குவைத்திலே வேலை பார்க்கிறார். இந்த ஊரிலே பாதி வீட்டுத் தகப்பன்மாரும் அப்படித்தானே, எல்லாப் பிள்ளைகளுக்குமா இது வந்திருக்கு?

தாயைக் குறை சொல்றது நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. 1950, 60-களிலே மேல்நாட்டிலே பெரிய படிப்புப் படிச்சவங்களே, பாசம் காட்டாத தாய்மாராலே இது வருதுன்னு எழுதினாங்க. புருனோ பெட்டல்ஹைம்னு ஒருத்தர் அதிலே பேர்போனவர். அதை உடைச்சவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். அமெரிக்கக் கடற்படையிலே வேலை பார்த்த உளவியலாளர், அவருடைய மகனுக்கே ஆட்டிசம். வளர்ப்பு காரணம் இல்லை, பிறவியிலேயே மூளை அமைகிற விதத்திலேதான் காரணம் இருக்குன்னு 1964-லே புத்தகம் போட்டார். தடுப்பூசியாலே வருதுன்னு 1998-லே லான்செட் பத்திரிகையிலே வந்த கட்டுரையையும் 2010-லே அந்தப் பத்திரிகையே வாபஸ் வாங்கிடுச்சு. இன்றைக்கும் வாட்ஸ்அப்பிலே அது சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. தம்பி தங்கச்சிமாரே, உங்களுக்கு வந்தா அங்கேயே நிறுத்துங்க.

நம்ம நெய்யூருக்கு ஒரு பெருமை உண்டு. 1838-லேயே இங்கே மேல்நாட்டு மருத்துவம் வந்தாச்சு. எவரெஸ்ட் மலையிலே 1922-லேயும் 1924-லேயும் ஏறப் போன சோமர்வெல் டாக்டர், இங்கே உள்ள நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துத்தான் இங்கேயே வந்து வேலை செய்ய முடிவெடுத்தார். சின்ன வயசிலே இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனா அறுவைக் கத்திக்கு ஒரு காலம் இருந்த மாதிரி, இந்தப் பிள்ளைகளுக்கான காலம் பக்கத்து ஊர்களுக்கு இன்னும் முழுசா வந்து சேரலே. நாங்க திருவனந்தபுரத்துக்குப் போனோம். அங்கே மருத்துவக் கல்லூரியிலே குழந்தை வளர்ச்சி மையம் இருக்கு, ஆக்குளத்திலே நிஷ் நிறுவனம் இருக்கு. நாங்க முதல்லே போன காலத்திலே பாசஞ்சர் ரயில் ஓடலே. களியக்காவிளை சோதனைச் சாவடியிலே பாஸ் காட்டி, வாடகைக் காரிலே போனோம். கார் நின்ன இடத்திலெல்லாம் அவன் அழுதான். வண்டின்னா ஓடணும், அதுதான் அவன் சட்டம்.

அங்கே ஒரு டாக்டரம்மா ஒண்ணரை மணி நேரம் அவன்கூட தரையிலே உட்கார்ந்து விளையாடிட்டு, பிறகு எங்களிடம் சொன்னாங்க. மருந்து எழுதித் தரலே. ஆட்டிசத்தைக் குணமாக்குற மருந்து இன்றைக்கும் கிடையாது. தூக்கம், வலிப்பு மாதிரி கூட வர்ற தொந்தரவுகளுக்குத்தான் மருந்து. யாராவது ஸ்டெம் செல் ஊசி போட்டுக் குணமாக்குறேன்னு லட்சக்கணக்கிலே கேட்டா நம்பாதீங்க. இதுக்கு அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாதுன்னு தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லியாச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் அதுக்காக விளையை வித்தது. அதுக்கு மேலே நான் சொல்லலே.

டாக்டரம்மா எழுதித் தந்தது ஒரு அட்டவணை. பேச்சுப் பயிற்சி, கைத்தொழில் மாதிரியான செய்முறைப் பயிற்சி, பிறகு வீட்டுக்கு ஒரு படப் பட்டியல். அமெரிக்காவிலே வட கரோலினா பல்கலைக்கழகத்திலே எரிக் ஷாப்ளர்னு ஒருத்தர் 1972-லே டீச்னு ஒரு திட்டமா வளர்த்தெடுத்த முறை இது. காதாலே கேட்கிற சொல் காற்றிலே போயிடும், கண்ணாலே பார்க்கிற படம் அங்கேயே இருக்கும்; இந்தப் பிள்ளைகளிலே பலருக்கு அதுதான் வசதி. சுவரிலே ஒரு நீள அட்டை. அதிலே ஒட்டி எடுக்கிற மாதிரி படங்கள்: பல் துலக்கு, தோசை, பஸ், பள்ளிக்கூடம், குளியல், சாயங்கால ஏத்தம்பழம், தூக்கம். ஒண்ணு முடிஞ்சா அவனே பிச்சு எடுத்து 'முடிஞ்சது' டப்பாவிலே போடணும். அந்த டப்பா பழைய பிஸ்கட் டின். அதிலே படம் விழற சத்தம் அவனுக்கு ரொம்ப இஷ்டம்.

மூணு மாசத்திலே வீட்டிலே சத்தம் குறைஞ்சுது. ஆனா அதோடே வேலை முடியலே, அங்கேதான் தொடங்குது. ஒழுங்கை மட்டும் குடுத்துக்கிட்டே போனா, அந்த ஒழுங்கே பிறகு கூண்டாயிடும். ஒரு நாள் மூணு தோசை இருந்தா அடுத்த நாள் மூணேதான் இருக்கணும், அதுக்கடுத்த நாள் அதே தட்டு, பிறகு அதே இடம். அதனாலே பயிற்சி தந்த தங்கச்சி இன்னொரு அட்டை தந்தாள். மஞ்சள் அட்டை, நடுவிலே ஒரு கேள்விக்குறி. அதுக்கு அர்த்தம், 'இன்றைக்கு இந்த இடத்திலே வேற ஒண்ணு வரும்'. முதல் மாசம் அந்த இடத்திலே அவனுக்குப் பிடிச்சது மட்டும்தான் வரும்: இரணியல் ஸ்டேஷனிலே நின்னு ஒரு ரயில் பார்க்கிறது, ஒரு ஐஸ். மாற்றம்னா கெட்டது மட்டும் இல்லைன்னு பழகின பிறகுதான் பல் டாக்டர், முடிவெட்டு இதையெல்லாம் அந்த அட்டைக்குப் பின்னாலே கொண்டு வந்தோம். மஞ்சள் பஸ்ஸுக்கும் இந்த அட்டைதான் உதவி செஞ்சுது. கூடவே அந்த கண்டக்டர் அண்ணனும். நாலாவது நாள் அவர் இறங்கி வந்து, பஸ் முன்னாலே இருக்கிற ஊர்ப் பெயர்ப் பலகையை இவன் கையாலே தொட வச்சார். நிறம் மாறினாலும் போர்டு மாறலே. ஏறிட்டான்.

நம்ம மாவட்டத்திலே இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. உள்ளூர் விடுமுறை! மண்டைக்காடு கொடைக்கு, சிவராத்திரிக்கு, ஓணத்துக்கு, நவம்பர் 1-க்கு, டிசம்பர் 3-ஆம் தேதி சவேரியார் திருவிழாவுக்கு. போதாததுக்கு மழை வந்தா காலையிலே கலெக்டர் அறிவிப்பு. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் துள்ளிக் குதிக்கும். என் வீட்டிலே யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு ஒருத்தன் வாசலிலே நிப்பான். அதைவிடக் கொடுமை, அந்த விடுமுறைக்கு ஈடா ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் வைக்கிறது. சனிக்கிழமைன்னா அவனுக்கு மரச்சீனியும் மீனும். அதை ஒரு அரசாணை எப்படி மாற்றலாம்? இப்போ நான் மாசத் தொடக்கத்திலேயே காலண்டரிலே தெரிஞ்ச விடுமுறைக்கெல்லாம் பச்சைப் பொட்டு வைப்பேன். மழை விடுமுறைக்கு மட்டும் கேள்விக்குறி அட்டை. அதையும் காலையிலே ஜன்னல் வழியா மழையைக் காட்டிட்டுத்தான் ஒட்டணும்.

இனிச் சொல்லப் போறது கொஞ்சம் சொந்த விஷயம். 2019-லே லீவு முடிஞ்சு போன என் வீட்டுக்காரர், விமானமெல்லாம் நின்னு போனதாலே 2021 டிசம்பரிலேதான் திரும்பி வந்தார். சாப்பாட்டு மேசையிலே நாலு நாற்காலி. ஒண்ணு பாட்டிக்கு, ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவனுக்கு. நாலாவது காலி. இரண்டு வருஷமா காலியா இருக்கிற நாற்காலி, அவன் கணக்கிலே காலியாகவே இருக்க வேண்டிய நாற்காலி. வந்த அன்றைக்கு இவர் ஆசையா அதிலே உட்கார்ந்தார். அவன் ஓடி வந்து அவரைத் தள்ளினான். தள்ளித் தள்ளி, முடியாம, தலையைச் சுவரிலே இடிக்கத் தொடங்கினான். இவர் எழும்பிட்டார். தட்டை எடுத்துக்கிட்டுத் திண்ணைக்குப் போய் உட்கார்ந்தார். கடல் தாண்டி வந்த மனுஷன், சொந்த வீட்டிலே 11 நாள் திண்ணையிலே உட்கார்ந்து சாப்பிட்டார். பாட்டி கண்ணைத் துடைச்சிக்கிட்டே பரிமாறுவாங்க.

12-ஆம் நாள் நாங்க என்ன செஞ்சோம்னா, அஞ்சாவதா ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினோம். சிவப்பு. அதுக்கு முதுகிலே அவர் போட்டோவை ஒட்டினோம். காலி நாற்காலி அதன் பாட்டுக்குக் காலியா இருக்கட்டும். அட்டவணையிலே தோசைப் படத்துக்குப் பக்கத்திலே அப்பா படம். முதல் நாள் சிவப்பு நாற்காலி வாசல் பக்கத்திலே. தினமும் ஒரு அடி. மேசைக்கு வந்து சேர ஒன்பது நாள். அவர் லீவு 40 நாள். அதிலே 21 நாள் மேசைக்கு வர்றதுக்கே போச்சு. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லலே. இப்போ ஒவ்வொரு லீவுக்கும் முன்னாலே ஒரு மாசம், தினமும் 7.15-க்கு அந்தச் சிவப்பு நாற்காலியிலே போனைச் சாய்ச்சு வச்சு வீடியோவிலே பேசுவார். வர்ற தேதி, போற தேதி இரண்டும் காலண்டரிலே இருக்கும். போன தடவை வந்தப்போ, வாசலிலே அவர் செருப்பைக் கழற்றினதும் இவன் போய் அதை ஜோடியா வச்சு, நுனியை ரோட்டைப் பார்த்துத் திருப்பினான். பிறகு சிவப்பு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

பள்ளிக்கூட விஷயம் சுருக்கமா. முதல்லே போன ஒரு பள்ளியிலே, மற்ற பெற்றோர் ஒத்துக்க மாட்டாங்கன்னு சொல்லித் திருப்பி அனுப்பினாங்க. 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தை நான் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன். அதிலே சொல்லியிருக்கிற 21 வகைக் குறைபாடுகளிலே ஆட்டிசமும் ஒண்ணு. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுன்னு சான்றிதழ் உள்ள பிள்ளைக்கு 6 வயசிலேருந்து 18 வயசு வரைக்கும், பக்கத்துப் பள்ளியிலேயோ விருப்பப்பட்ட சிறப்புப் பள்ளியிலேயோ இலவசமாப் படிக்க உரிமை இருக்கு. அது தயவு இல்லை. இப்போ அவன் ஒரு அரசு தொடக்கப் பள்ளியிலே படிக்கிறான். அந்த டீச்சர் எந்தச் சிறப்புப் படிப்பும் படிச்சவங்க இல்லை. ஆனா கரும்பலகையின் ஓரத்திலே அன்றைய பாடவேளைகளைப் படமா வரைஞ்சு போடுவாங்க, ஒண்ணு முடிஞ்சா அழிப்பாங்க. "இவனுக்காக ஆரம்பிச்சேன், இப்போ வகுப்பு முழுக்க அதைத்தான் பார்க்குது"ன்னு அவங்களே சொன்னாங்க.

இன்னொண்ணு, இது அவசரமான விஷயம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிலே பலர் சொல்லாமக் கொள்ளாம வீட்டை விட்டு நடந்து போயிடுவாங்க. அதிலே நிறைய பேரைத் தண்ணி இழுக்கும். மினுங்கிறதும் அலை அடிக்கிறதும் அவங்களுக்கு இஷ்டம். நம்ம ஊரோ திரும்பின பக்கமெல்லாம் குளமும் கால்வாயும். எழுத்து சொல்லிக் குடுக்கிறதுக்கு முன்னாலே நாங்க அவனுக்கு நீச்சல் சொல்லிக் குடுத்தோம். கையிலே போன் நம்பர் போட்ட வளையம் கிடக்கும். தனியா ஒரு பிள்ளை குளத்தங்கரையிலே நிக்கிறதைப் பார்த்தா, பெயர் கேட்டுப் பதில் வரலேன்னா, விட்டுட்டுப் போகாதீங்க.

டெல்லியிலே மெரி பருவா அம்மா, இதே மாதிரி ஒரு மகனின் தாய், 1991-லே ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் அமைப்பைத் தொடங்கினாங்க. அவங்களைப் போல பெற்றோர் எழும்பினதாலேதான் 1999-லே தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. அதன் கீழே 'நிராமயா'ன்னு 1 லட்சம் ரூபாய் வரைக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு. 18 வயசுக்குப் பிறகு சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க கலெக்டர் தலைமையிலே ஒரு குழு உண்டு. நம்ம தமிழிலேயே யெஸ். பாலபாரதி 'ஆட்டிசம்: சில புரிதல்கள்'னு ஒரு புத்தகம் எழுதியிருக்கார், ஆட்டிசம் உள்ள மகனின் தகப்பனா அவர் அறிஞ்சதையெல்லாம் சேர்த்து எழுதினது. முதல் வாரம் தூங்காம இருக்கிற பெற்றோர் கையிலே நான் குடுக்கிறது அந்தப் புத்தகந்தான்.

ஆனா சட்டமும் காப்பீடும் ஒரு பக்கம். ராத்திரி என்னைத் தூங்க விடாத கேள்வி வேற. நாங்க போன பிறகு அந்த முன்வாசல் லைட்டை அவன் எந்த வீட்டிலே போடுவான்?

கானர் எழுதின 11 பிள்ளைகளிலே முதல் பிள்ளை டொனால்ட் டிரிப்ளெட். மிசிசிப்பி மாநிலத்திலே ஃபாரஸ்ட்னு ஒரு சின்ன ஊர், 1933-லே பிறந்தவர். மூணு வயசிலே ஒரு விடுதியிலே கொண்டு விட்டாங்க. ஒரு வருஷத்துக்குப் பிறகு பெற்றோரே போய் அழைச்சிட்டு வந்தாங்க. தகப்பன் வக்கீல். மகனைப் பற்றி 33 பக்கத்துக்குக் கடிதம் எழுதி கானருக்கு அனுப்பினார். பிறகு பையனைக் கொஞ்ச காலம் பக்கத்திலே ஒரு விவசாயி வீட்டிலே தங்க வச்சாங்க. அந்த விவசாயிக்கும் அவர் மனைவிக்கும் மருத்துவமும் தெரியாது, ஆட்டிசங்கிற சொல்லும் தெரியாது. பையன் எதையாவது எண்ணிக்கிட்டே இருந்தான். எண்ணாதேன்னு அவங்க சொல்லலே. சோள வரிசையை எண்ணிக்கிட்டே ஏர் உழுன்னு விட்டாங்க. அளக்கணும்னு நின்னான், கிணறு வெட்டும்போது ஆழத்தை அளக்க விட்டாங்க. அந்தப் பையன் கல்லூரி முடிச்சார், அதே ஊர் வங்கியிலே அறுபது வருஷத்துக்கு மேலே வேலை பார்த்தார், கார் ஓட்டினார், தனியாப் பல நாடுகளைச் சுற்றி வந்தார். 2023 ஜூனிலே 89-ஆம் வயசிலே இறந்தார். வசதியுள்ள குடும்பம், அதை மறைக்கக் கூடாது. ஆனா பணத்துக்கு மேலே ஒண்ணு இருந்தது. அவரைத் தேடி இரண்டு பத்திரிகையாளர்கள் அந்த ஊருக்குப் போனப்போ, ஊர்க்காரங்க பலர் தனித்தனியா அவங்களைக் கூப்பிட்டு எச்சரிச்சாங்களாம்: டொனால்டுக்கு ஏதாவது கெடுதல் வர்ற மாதிரி நடந்தா சும்மா விட மாட்டோம்னு.

எங்க விளையிலே தேங்காய் வெட்டு அன்றைக்கு இப்போ எண்ணுறது என் மகன்தான். வெட்டுறவர் ஒரு எண் சொல்வார், வியாபாரி ஒரு எண் சொல்வார். இவன் பத்துப் பத்தா வரிசையிலே அடுக்கிட்டுச் சொல்ற எண்ணை இரண்டு பேரும் ஒத்துக்குவாங்க. போன வெட்டுக்கு அந்த வியாபாரி அவன் கையிலே 20 ரூபாய் தந்தார். கூலி.

இங்கே பஸ் டெப்போவிலே இருக்கிறவங்க இருக்கீங்க, வங்கியிலே, பள்ளிக்கூடங்களிலே, கடை வச்சு இருக்கிறவங்க இருக்கீங்க. உங்க இடத்திலே ஒரே வேலையை ஒரே மாதிரி, தப்பில்லாம, தினமும் செய்ய வேண்டிய ஒரு மூலை கண்டிப்பா இருக்கும். பத்து வருஷம் கழிச்சு எங்களைப் போல பெற்றோர் வந்து கதவைத் தட்டும்போது அந்த மூலையை நினைச்சுக்கோங்க. படிச்சிட்டிருக்கிற பிள்ளைகளே, சிறப்புக் கல்வி, பேச்சுப் பயிற்சி, இதுக்கெல்லாம் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகாரம் பெற்ற படிப்புகள் இருக்கு; செய்முறைப் பயிற்சிக்கும் படிப்பு இருக்கு. சென்னைக்குப் பக்கத்திலே முட்டுக்காட்டிலே 2005-லே தொடங்கின தேசிய நிறுவனம் இருக்கு. இன்ஜினியரிங் கிடைக்காதவங்க போற படிப்புன்னு நினைக்காதீங்க. நெய்யூரிலேருந்து திருவனந்தபுரத்துக்கு ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ரயில் ஏறாம இருக்கணும்னா, உங்களிலே இரண்டு பேர் படிச்சிட்டு இங்கேயே திரும்பி வந்தாப் போதும். வர்றவங்களுக்கு என் டியூசன் அறையைக் காலை நேரத்துக்கு வாடகை இல்லாமத் தர்றேன். பாட்டியிடமும் கேட்டாச்சு, வீட்டுக்காரரிடமும் கேட்டாச்சு.

அவனும் வந்திருக்கான். கடைசி வரிசையிலே, காதிலே பெரிய ஹெட்போன் மாட்டிக்கிட்டுப் பாட்டி பக்கத்திலே இருக்கான். கையிலே இருக்கிற அட்டையிலே இரண்டு படம்: முதல்லே அம்மா மைக், பிறகு ஏத்தம்பழம். 11.30-ன்னு சொல்லியிருக்கேன். இப்போ 11.28.